அழும் முகத்தில் சாயல் தேடாதீர்கள்

நவீன ஓவியத்தில் ஒரு துயர முகத்தைப் பார்த்ததும் நம்மில் நிறையப் பேர் உடனே மூக்கு எங்கே, கண் ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று தேடி, மனசுக்குள்ளேயே அந்த முகத்தைச் சரிசெய்து பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கோணலை நிமிர்த்தினால் அதிலிருந்த அழுகையும் போய்விடும்.

பிக்காசோவின் 'அழும் பெண்' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1937 ஏப்ரலில் ஸ்பெயினின் குவெர்னிகா ஊர்மேல் குண்டு விழுந்தது. அதைப் பற்றிய பெரிய ஓவியத்தை முடித்த பிறகும் அழும் பெண்ணின் முகம் அவரை விடவில்லை, திரும்பத் திரும்ப வரைந்தார்; இது அந்த அக்டோபரில் வந்தது. சிவப்புத் தொப்பி, அதில் நீலப் பூ, மஞ்சளும் பச்சையுமாகக் கன்னம் என்று விசேஷ வீட்டுக்குக் கிளம்பியவள் மாதிரி இருக்கிறாள். வாயைச் சுற்றி மட்டும் நிறமெல்லாம் வற்றி வெள்ளையும் நீலமுமாகக் கிடக்கிறது. அங்கே பல் எது, விரல் எது, கைக்குட்டை எது என்று பிரிக்கவே முடியாது, எல்லாம் கண்ணாடிச் சில்லுகள். சத்தம் வெளியே வராமல் துணியைக் கடித்துக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அதுதான் இது.

அப்புறம், படத்துக்கு மாதிரியாக இருந்த, பிக்காசோவின் காதலி டோரா மாரின் கதையைப் படித்துவிட்டு, படம் புரிந்துவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. பிக்காசோ தன்னை வரைந்த எதிலும் தான் இல்லை என்று டோராவே சொல்லியிருக்கிறார்.

துக்கம் என்றால் கறுப்பு என்று எதிர்பார்ப்பதும் வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் ழான் ஃபோத்ரியே நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் பாரிஸுக்கு வெளியே ஒரு மருத்துவ விடுதியில் ஒளிந்திருந்தபோது, பக்கத்துக் காட்டில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் சத்தம் கேட்குமாம். அங்கேதான் 'பிணைக் கைதிகள்' வரிசை பிறந்தது. தடித்த வெள்ளைப் பசையைக் கத்தியால் அப்பி, மேலே வண்ணப் பொடி சேர்த்து, முகம் என்று சொல்ல ஒன்றிரண்டு கோடு, அவ்வளவுதான். நிறமோ இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும்! 1945இல் காட்சிக்கு வைத்தபோது இவ்வளவு அழகு தகுமா என்று சிலர் சங்கடப்பட்டார்கள். எனக்கு அந்த மென்மைதான் தாங்க முடியவில்லை, காயத்தைச் சுற்றியுள்ள தோல் அப்படித்தானே இருக்கும்.

இதை போன் திரையில் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். பசையின் தடிமன் அதில் தெரியாது. நேரில் பார்க்க வாய்த்தால் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முகம் மேடாகப் புடைத்து நிற்கும்.