குழந்தையை உடனே தூக்காதீர்கள்
முதல் ஐந்து நிமிடம் குழந்தையைத் தொடாதீர்கள், உற்றுப் பார்க்கவும் வேண்டாம், அம்மாவோடு பேசுங்கள். கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வீடுகளுக்குப் போகும் தாதியருக்கும் தாஸ்கா (குழந்தைகள் காப்பகம்) பராமரிப்பாளர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். 8, 9 மாதக் குழந்தைக்குப் பொதுவாக வேற்று முகம் என்றால் பயம். இவரை நம்பலாமா என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அம்மா சிரித்துப் பேசினால் தானாகவே பக்கத்தில் வரும். அழுகையை அடக்கப் போகும் நேரம் மிச்சம். பாட்டிதான் வளர்க்கிறார் என்றால் சரி, பாட்டியிடம் பேசுங்கள்.

கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல் என்றால் காத்திருக்கவே கூடாது. அம்மாவே முகம் வாடிச் சோர்ந்திருந்தாலும் இது பலிக்காது. அப்போது அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று விசாரிப்பதுதான் முதல் வேலை.