ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிக்காவுக்கு எந்த என்ஜின்? சிசி-யை கடைசில முடிவு பண்ணுங்க

சான் ஹோசேல இருந்து ஹைவே 17 ஏறி சான்டா குரூஸ் போற வழி. மூணாவது கியர், ஆக்ஸிலரேட்டர் தரையோட தரையா, பின்னாடி ஒரு இருபது கார் மொறைச்சிக்கிட்டே வருது. அன்னைக்குதான் எனக்கும் என்ஜின் மாத்தணும்ங்கற கிறுக்கு புடிச்சுது. கார் என்னமோ பாக்க போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர், பெட்ரோல் பங்க்ல நாலு பேர் வந்து போட்டோ எடுப்பாங்க, ஆனா உள்ள இருக்கறது ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட 1600 சிசி என்ஜின். காகிதத்துல 60 எச்பி, நிஜத்துல 50 பக்கம்தான் நிக்கும்.

இந்த வகை ரெப்ளிக்கா வெச்சிருக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், அதாவது பீட்டிலோட அடித்தட்டை கிட்டத்தட்ட ஒரு அடி வெட்டி சுருக்கி, மேல ஃபைபர்கிளாஸ் பாடி போட்ட கார். (பீட்டில் வீல்பேஸ் 2400 மிமீ, 356-க்கு 2100, அதான் அந்த வெட்டு.) கோப்ரா ரெப்ளிக்கா கதை வேற, அங்க வி8 போட்டு விளையாடலாம், இங்க அந்த வேலை ஆகாது.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல போட்டுக்கங்க. 1954-ல ஸ்பீட்ஸ்டர் அமெரிக்காவுக்கு வந்தப்போ அது 3000 டாலருக்குள்ள கிடைச்ச சிக்கன கார். அப்புறம் வந்த 1600 நார்மலுக்கு 60 குதிரை, 1600 சூப்பருக்கு 75. நாலு கேம் (வால்வை திறந்து மூடற தண்டு) வெச்ச கரேரா ஒண்ணுதான் 100-ஐ தொட்டுச்சு. நம்ம ரெப்ளிக்காவும் அதே மாதிரி 800 கிலோ சுத்திதான் இருக்கும், அப்போ ஒழுங்கா செஞ்ச 85-90 எச்பி என்ஜின் வெச்சாலே ஒரிஜினல் சூப்பரை தாண்டியாச்சு. 150 வேணும் 180 வேணும்னு ஆரம்பிக்கறவங்க இந்த கணக்கை ஒரு தடவை போட்டு பாத்துட்டு ஆரம்பிக்கலாம். விரலுக்கு ஏத்த வீக்கம்தான்.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்கறது? எல்லாரும் சிசி-ல ஆரம்பிக்கறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சு பணத்தை விட்டேன். நான் சொல்ற வரிசை தலைகீழா இருக்கும்: மொதல்ல கியர்பாக்ஸ், அப்புறம் பிரேக், அப்புறம் கூலிங், கடைசிலதான் சிசி.

கியர்பாக்ஸ் ஏன் முதல்லன்னா, பாதி பேருக்கு இருக்கற பிரச்சனை பவர் இல்ல, ஹைவேல என்ஜின் கத்தறதுதான். உங்க கார்ல என்ன ரேஷியோ இருக்குன்னு தெரியலன்னா பாக்ஸை இறக்க வேண்டியதில்ல. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டிடுங்க, நாலாவது கியர் போடுங்க, பின் வீல்ல ஒண்ணை மட்டும் ஜாக்கி போட்டு தூக்குங்க, தரைல இருக்கற வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க. என்ஜின் புல்லில சாக்பீஸ்ல ஒரு கோடு, டயர்ல ஒரு கோடு. இப்போ தூக்கின வீலை சரியா ரெண்டு சுத்து சுத்தணும் (ஒரு வீல் தரைல நிக்கறதால டிஃபரன்ஷியல் பாதியாக்கிடும், அதான் ரெண்டு). புல்லி எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணுங்க. 3.6, 3.7 பக்கம் வந்தா ஷார்ட் கியர், 4.12 ரிங் அண்ட் பினியன் (பாக்ஸ்ல இருந்து வீலுக்கு கடைசியா திருப்பற பல்சக்கர ஜோடி) இருக்க வாய்ப்பு அதிகம், 70 மைல் வேகத்துல சுமார் 3500 ஆர்பிஎம் ஓடும். 3.45 பக்கம் வந்தா 3.88, அதே வேகத்துல சுமார் 3300. 3.0 பக்கம் வந்தா யாரோ ஏற்கனவே 3.44 போட்டு வெச்சிருக்காங்க, அதுக்கு இழுவை உள்ள பெரிய என்ஜின் வேணும், 1600-ல அது மேடு ஏறாது.

இதை பாத்ததும் சில பேருக்கு வேலையே முடிஞ்சிடும். 4.12 பாக்ஸ் இருந்தா அதை 3.88-க்கு மாத்தி, 1776 சிசி என்ஜின் ஒண்ணு போட்டா வேற காராயிடும், 2110 போட்டு பழைய பாக்ஸையே வெச்சிருக்கறவனை விட நிம்மதியா ஓட்டலாம்.

பாக்ஸோட சேத்து பின்னாடி சஸ்பென்ஷனையும் குனிஞ்சு பாத்துக்கங்க. அமெரிக்காவுக்கு வந்த பீட்டில்ல 1969 மாடல்ல இருந்து ஐஆர்எஸ் (பின் அச்சுக்கு ரெண்டு முனையிலயும் மூட்டு), அதுக்கு முந்தினது ஸ்விங் ஆக்ஸில் (கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் மூட்டு). ஸ்விங் ஆக்ஸில் கார்ல வளைவு பாதில பயந்து கால் எடுத்தா பின் வீல் உள்ள மடங்கி பின்னாடி தூக்கும். அதுல 140 எச்பி போடறது உங்க இஷ்டம், நான் பக்கத்து சீட்ல ஏற மாட்டேன். முன்னாடி டிரம் பிரேக்னா டிஸ்க் போட்டுட்டு அப்புறம் என்ஜின் பேசலாம்.

இப்போ கூலிங். இதுலதான் நான் வாங்கின அடி.

நான் போட்டது 2110. நல்ல என்ஜின், பிக்கப் சும்மா பிச்சுக்கும். போட்ட ரெண்டாவது வாரம் அதே ஹைவே 17, ஜூலை மாசம், சனிக்கிழமை பீச் டிராஃபிக், ஊர்ந்து ஊர்ந்து ஏறறேன், ஆயில் டெம்பரேச்சர் முள்ளு 120 டிகிரி செல்சியஸ் தாண்டி போயிட்டே இருக்கு. ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்னேன். வீட்டுக்கு வந்து பெரிய ஆயில் கூலர் போட்டேன், கொஞ்சம்தான் குறைஞ்சுது. டைமிங் பாத்தேன், கார்புரேட்டர்ல ஜெட் மாத்தினேன், என்னென்னமோ பண்ணேன். கடைசில பாத்தா என்ஜினை சுத்தி இருக்கற தகட்டுக்கும் பாடிக்கும் நடுவுல ரப்பர் சீலே இல்ல, ஒரு பக்கம் மூணு விரல் நுழையற சந்து.

ஏர்கூல்ட் என்ஜின் எப்படி மூச்சு விடுதுன்னு தெரிஞ்சா இது ஏன் பெரிய விஷயம்னு புரியும். ஃபேன் மேல இருக்கற குளிர்ந்த காத்தை இழுத்து, சிலிண்டர் மேல அடிச்சு, சூடாக்கி கீழ தள்ளும். மேல கீழன்னு ரெண்டு அறையை பிரிக்கறதே அந்த தகடும் சீலும்தான். சந்து இருந்தா கீழ போன சூடு காத்து, சைலன்ஸர் சூடோட சேந்து, திரும்ப மேல வந்து ஃபேனுக்குள்ளயே போகும். தான் விட்ட மூச்சை தானே இழுக்கற மாதிரி. பீட்டில்ல கம்பெனிலயே ஒழுங்கா சீல் வந்துச்சு, ரெப்ளிக்கால பாடி செஞ்சவங்க கைக்கு வந்த மாதிரி விட்டிருப்பாங்க. போதாததுக்கு ஸ்பீட்ஸ்டர் என்ஜின் மூடில ஒரே ஒரு சின்ன கிரில், அது வழியாத்தான் ஃபேனுக்கும் கார்புக்கும் காத்து வரணும்.

செக் பண்றது சுலபம். ஒரு சாண் தையல் நூலை குச்சி நுனில டேப் போட்டு ஒட்டுங்க, என்ஜினை 2000 ஆர்பிஎம்ல வெச்சு, தகட்டோட ஓரம் பூரா அந்த நூலை காட்டிட்டே வாங்க, பெல்ட்டு பக்கம் மட்டும் கை போகாம பாத்துக்கங்க. நூல் மேல பறந்தா அங்க லீக். ஊதுபத்தி புகைல பாக்கலாமேன்னு என் மச்சான் ஐடியா குடுத்தான், பெட்ரோல் கார்பு பக்கத்துல ஊதுபத்தி, நல்லா இருக்கு. சீல் போட்டு சந்தெல்லாம் அடைச்சதுக்கு அப்புறம் அதே மேட்டுல முள்ளு 105-ஐ தாண்டல, பெரிய கூலருக்கு குடுத்த காசு தண்டம்.

கூலிங்ல இன்னும் ரெண்டு விஷயம். 1971-ல இருந்து வந்த டாக்ஹவுஸ் டைப் ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனை மூடற தகட்டு கூடு) இருக்கணும், பழசுல ஆயில் கூலர் ஷ்ரவுட்டுக்கு உள்ளயே நின்னு மூணாவது சிலிண்டருக்கு போற காத்தை சூடாக்கும். அப்புறம் அழகுக்காக சின்ன சைஸ் புல்லி விப்பாங்க, வாங்காதீங்க, ஃபேன் மெதுவா சுத்தும், அவ்ளோதான் அதோட பயன்.

இதெல்லாம் ஆச்சுன்னா இப்போ சிசி. 1600-ங்கறது 85.5 மிமீ போர் (சிலிண்டர் அகலம்), 69 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய் வர்ற தூரம்). கேஸை (என்ஜினோட வெளிக்கூடு) போர் பண்ணாம அப்படியே சொருகற 1641 கிட் (87 மிமீ) மலிவா கிடைக்கும், சிலிண்டர் சுவர் மெல்லிசு, வேணாம். கேஸையும் ஹெட்டையும் மெஷின் ஷாப்ல குடுத்து போர் பண்ணி 90.5 மிமீ போட்டா 1776. சுவர் தடிமனா இருக்கும், சூடு தாங்கும், நீண்ட நாள் ஓடும், என்னை கேட்டா பத்து பேர்ல ஏழு பேருக்கு இதுதான் சரி. 94 போட்டா 1915, அதே 69 கிராங்க் (பிஸ்டன்கள் சுத்த வைக்கற தண்டு), இன்னும் கொஞ்சம் பவர், ஆனா 90.5 அளவுக்கு சுவர் தடிமன் இருக்காது, சூட்டுல சிலிண்டர் வட்டம் கெடற வாய்ப்பும் அதிகம். கிராங்க்கை 82 மிமீ-க்கு மாத்தி 90.5 வெச்சா 2110, 94 வெச்சா 2276.

82 கிராங்க் போறீங்கன்னா கேஸ் உள்ள கிரைண்ட் பண்ணி இடம் விடணும். இன்னொரு பக்கம் நல்லது என்னன்னா இந்த கிராங்க்ல கவுண்டர்வெயிட் (எடையை சமன் பண்ற கட்டி) இருக்கும், பீட்டில் ஒரிஜினல் கிராங்க்ல அது கிடையாது, 5000-க்கு மேல தொடர்ந்து முறுக்கினா கிராங்க் வளைஞ்சு கேஸ்ல பேரிங் உக்கார்ற இடத்தை அடிச்சு தேய்க்கும். அதனால 1776 செஞ்சாலும் கவுண்டர்வெயிட் கிராங்க் போட காசு இருந்தா போடுங்க, அந்த காசை குரோம் தகட்டுல போடாதீங்க.

2110 எனக்கு புடிக்கும், இப்பவும் அதைத்தான் ஓட்டறேன். ஸ்ட்ரோக் நீளமா இருக்கறதால கீழயே இழுவை வரும், கியர் மாத்தாம மேடு ஏறும். ஆனா அதுக்கு 200 மிமீ கிளட்ச்சோட கொஞ்சம் பலமான பிரஷர் பிளேட், ஃப்ளைவீலுக்கு நாலு டவலுக்கு (கிராங்க்கோட சேத்து பிடிக்கற பின்) பதில் எட்டு டவல், ஒன்றரை இன்ச் பைப் எக்ஸாஸ்ட், 40 x 35.5 வால்வு உள்ள ஹெட், எல்லாம் சேத்து வாங்கணும். என்ஜின் விலையை மட்டும் பாத்துட்டு இறங்கினா பாதி வழில கை கடிக்கும்.

ஆயில் ஃபில்டர் மறந்துடாதீங்க. பீட்டில் என்ஜின்ல ஃபில்டரே கிடையாது, கீழ ஒரு கம்பி வலை மட்டும்தான், மொத்த ஆயிலே ரெண்டரை லிட்டர். எந்த சிசி போட்டாலும் கேஸை டிரில் பண்ணி ஃபுல் ஃப்ளோ ஃபில்டர் (எல்லா ஆயிலும் அது வழியா போகும்) வெச்சே ஆகணும், என்ஜின் பிரிச்சு வெச்சிருக்கும்போதே செஞ்சுடுங்க.

கேம் விஷயத்துல ஆசைப்படாதீங்க. எங்கிள் கம்பெனியோட டபிள்யூ-100 சாந்தமானது, டபிள்யூ-110 தெருவுல ஓட்டறதுக்கு நடுவாந்திரமா சரி, டபிள்யூ-120 எல்லாம் பெரிய என்ஜினுக்கு. 1776-ல 120 போட்டா சிக்னல்ல ஐட்லிங் தடதடன்னு கேக்க கெத்தா இருக்கும், கீழ ஒரு சத்தும் இருக்காது. கேம் முடிவு பண்ணினப்புறம்தான் கம்ப்ரஷன் (சிலிண்டர்ல கலவையை எவ்ளோ நெருக்கறதுங்கற விகிதம்), மாத்தி பண்ணக்கூடாது. கலிபோர்னியால பங்க்ல கிடைக்கற பிரீமியமே 91 ஆக்டேன்தான், மிதமான கேமுக்கு 8.5-க்குள்ள நிறுத்திக்கங்க.

கார்பு: 1776-க்கு ரெண்டு கேட்ரான் போதும், சிக்கல் கம்மி. 1915-க்கு வெபர் 40 ஐடிஎஃப், 2110-க்கு 44. நடுவுல ஒத்தை கார்பு வெச்சு பெரிய என்ஜின் ஓட்டறது வாயை கட்டிட்டு சோறு போடற மாதிரி. ரெட்டை கார்புல முக்கியம் லிங்கேஜ் (ரெண்டையும் சேத்து இழுக்கற கம்பி), ஏன்னா இந்த என்ஜின் சூடானா அகலத்துல விரியும், மட்டமான லிங்கேஜ்னா காலைல பண்ண சிங்க் (ரெண்டு கார்பும் ஒரே அளவு காத்து இழுக்கற மாதிரி வெக்கறது) மத்தியானம் இருக்காது. சூடானப்புறம்தான் சிங்க் பண்ணனும், கார்பு வாய்ல வெச்சு காத்து அளக்கற மீட்டர் ஒண்ணு வாங்கிக்கங்க.

சுபாரு போடலாமேன்னு கேப்பீங்க. போடலாம், ஈஜே22, ஈஜே25 ரெண்டும் அடாப்டர் பிளேட் வெச்சு இதே பாக்ஸ்ல உக்காரும், ஏசி கூட வெக்கலாம். ஆனா முன்னாடி ரேடியேட்டர், அங்க இருந்து பின்னாடி வரைக்கும் தண்ணி பைப், கம்ப்யூட்டர் வயரிங், எல்லாத்துக்கும் பொறுமை வேணும். அந்த சத்தமும் போயிடும், எனக்கு அந்த சத்தம் இல்லாம ஸ்பீட்ஸ்டர் வேணாம். டைப் 4 என்ஜின் (போர்ஷே 914-லயும் பஸ்லயும் வந்தது) கேஸ் இன்னும் கெட்டி, ஆனா கனம், பார்ட்ஸும் விலை ஜாஸ்தி.

நீங்களே கட்டலன்னா, கட்டறவர் கிட்ட எழுதி வாங்க வேண்டியது: போர், ஸ்ட்ரோக், டெக் ஹைட் (பிஸ்டன் உச்சிக்கும் சிலிண்டர் விளிம்புக்கும் உள்ள இடைவெளி), கம்ப்ரஷன், கேம் கார்டு (கேமோட அளவு போட்ட அட்டை). நான் 2110-க்கு முன்னாடி ஒரு இடத்துல 1915-ன்னு சொல்லி குடுத்த ரெடிமேட் என்ஜின் ஒண்ணு வாங்கி, ஹெட்டும் சிலிண்டரும் சேர்ற இடத்துல லீக்னு கழட்டி காலிப்பர் வெச்சு பாத்தா 90.5. 1776-க்கு 1915 விலை குடுத்திருக்கேன். பேப்பர் எதுவும் இல்ல, சண்டை போடவும் வழியில்ல.

புது என்ஜின் ஸ்டார்ட் பண்ற அன்னைக்கு ஐட்லிங்ல விட்டு அழகு பாக்காதீங்க. ஜிங்க் உள்ள பிரேக்-இன் ஆயில் ஊத்தி, ஸ்டார்ட் ஆன உடனே 2000-க்கு மேல ஏத்தி இறக்கி இருபது நிமிஷம் ஓட்டணும், இல்லன்னா கேமும் லிஃப்டரும் அன்னைக்கே தேய்ஞ்சிடும். அதனால அதுக்கு முன்னாடியே டைமிங், ஃப்ளோட் லெவல் (கார்புல பெட்ரோல் நிக்கற மட்டம்), டேப்பட் கேப் (வால்வு இடைவெளி) எல்லாம் பாத்து வெச்சிடுங்க, தீ அணைக்கிற சிலிண்டர் கைக்கு எட்டற மாதிரி இருக்கட்டும். அப்புறம் சூடா இருக்கும்போதே ஆயிலை வடிச்சு காந்தம் விட்டு பாருங்க. மெல்லிசா சாம்பல் மாதிரி ஒட்டினா கவலை இல்ல, மினுமினுன்னு தூளா வந்தா ஓட்டாம நிறுத்திடுங்க. 300 மைல்ல திரும்ப ஆயில், திரும்ப டேப்பட், அது என்ஜின் ராத்திரி பூரா ஆறி காலைல ஜில்லுன்னு இருக்கும்போது.