முத்து வைத்த ஷ்டெர்ன்டிக்கல்: தைப்பதும் கட்டுவதும்

கல்யாணமான யூதப் பெண்கள் தலைமுடியை மறைத்துக்கொள்வது மிகப் பழைய வழக்கம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத மதச் சட்டத் தொகுப்பிலேயே இதைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. ஆனால் மதச் சட்டம் கேட்டது மறைப்பை மட்டும்தான். அலங்காரம் பெண்களாகச் சேர்த்துக்கொண்டது. முடி மறைந்துவிட்டது, சரி, அந்த இடத்தில் முத்தைப் பதித்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் போலந்து, லித்துவேனியா, உக்ரைன் பகுதிகளில் அப்படி உருவான பட்டைதான் ஷ்டெர்ன்டிக்கல். இரண்டு துணிப்பட்டைகள், தங்கச் சரிகை, வரிவரியாக முத்து. வசதியானவர்கள் வீட்டில் ரத்தினக் கற்களும் உண்டு. துணித்தொப்பியின் மேல், நம் நெற்றிச்சுட்டி உட்காரும் இடத்தில், காதிலிருந்து காது வரை கட்டிக்கொள்வார்கள். சபாத் என்னும் வாராந்தர ஓய்வு நாளுக்கும் பண்டிகைக்கும் உரிய நகை இது. ரஷ்யப் பேரரசில் ஜார் முதலாம் நிக்கோலஸின் அரசு 1851 முதல் யூதர்களுக்கே உரிய உடைகளைத் தடை செய்தது. நாகரிகமும் மாறியது. இன்று அருங்காட்சியகங்களிலும், வியன்னாவில் வாழ்ந்த இசிடோர் காஃப்மனின் ஓவியங்களிலும்தான் இதைப் பார்க்க முடிகிறது.

நாடகத்துக்கோ எம்பிராய்டரிப் பழக்கத்துக்கோ ஒன்று செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும்.

வேண்டியவை: கருநீல அல்லது மெரூன் வெல்வெட், பக்ரம் (உள்ளே வைக்கும் விறைப்பான துணி), காட்டன் லைனிங், தங்கச் சரிகை லேஸ், 4 மி.மீ. போலி முத்து, நைலான் நூல், மெல்லிய ஊசி, ரிப்பன். கட்டுவதற்கு ஒரு காட்டன் தொப்பியும் ஒரு மீட்டர் சதுரத் துணியும்.

படி 1: ஒரு காதின் மேலிருந்து நெற்றி வழியாக மறு காது வரை அளவெடுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 30 செ.மீ.யை ஒட்டி வரும். அந்த நீளத்தில் பக்ரத்தை 5 செ.மீ. அகலத்தில் ஒன்று, 3 செ.மீ. அகலத்தில் ஒன்று என வெட்டுங்கள். வெல்வெட் நான்கு பக்கமும் 1 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். இரண்டு துண்டிலும் வெல்வெட்டின் மயிர் ஒரே திசையில் படிய வேண்டும். இல்லாவிட்டால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். வெல்வெட்டின் முகப்பில் இஸ்திரி போடவே கூடாது.

படி 2: வெல்வெட்டைப் பக்ரத்தின் பின்பக்கம் மடித்து ஹெம்மிங் செய்யுங்கள்.

படி 3: முத்து. பொறுமை வேண்டிய இடம் இதுதான். பசை வைத்து ஒட்டலாமே என்று தோன்றும். வேண்டாம், பட்டை வளைந்ததும் உதிர்ந்துவிடும். நடுப்புள்ளியைச் சாக்கட்டியால் குறித்து அங்கிருந்து இரு பக்கமும் தையுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் பூ வேலைப்பாடு நெற்றி நடுவில் வராமல் ஒதுங்கிப்போகும். ஊசியைப் பின்னாலிருந்து மேலே எடுத்து, மூன்று முத்துக் கோத்து, மூன்றாவது முத்து முடியும் இடத்தில் கீழே இறக்குங்கள். திரும்ப இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மேலே வந்து, மூன்றாவது முத்துக்குள் மறுபடி நுழைத்து, அடுத்த மூன்றைக் கோத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரல்கடைக்கு ஒருமுறை பின்னால் முடிச்சுப் போட்டால், நூல் அறுந்தாலும் வரிசை மொத்தமும் கொட்டாது. ஒரு வரிசைக்குச் சுமார் 75 முத்து பிடிக்கும். சிறிய பட்டையில் மூன்று வரிசை, பெரியதில் சரிகை லேஸும் நடுவில் ஒரு பூவும் என்பது என் கணக்கு. தாராளமாகக் கூட்டலாம், அந்தக் காலத்துப் பெண்கள் துளியும் சிக்கனம் பார்க்கவில்லை.

படி 4: சிறிய பட்டை கீழே வரும்படி, பெரியதன் அடியில் 1 செ.மீ. செருகி இரண்டையும் தையுங்கள். இரு முனையிலும் அரை மீட்டர் ரிப்பன் வைத்து, பின்பக்கத்தை லைனிங்கால் மூடுங்கள். நூல் முடிச்சுகள் நெற்றியில் குத்தாது.

படி 5: இனிக் கட்டலாம். கொண்டையைத் தாழப் போட்டு, முடி முழுவதையும் தொப்பிக்குள் அடக்குங்கள். சதுரத் துணியை முக்கோணமாக மடித்து, நீளமான ஓரத்தை முன்முடிக் கோட்டில் வையுங்கள். இரு முனைகளையும் பின்னால் கொண்டுபோய், தொங்கும் மூன்றாவது முனைக்கு மேலாக, பின்மண்டை மேட்டுக்குக் கீழே முடியுங்கள். முடிச்சு மேட்டின் மேல் ஏறினால் கட்டு நிற்காது. துணி வழுக்கினால் தொப்பிக்கு மேல் ஒரு வெல்வெட் நாடா போடுங்கள். இன்று இஸ்ரேலில் மித்பாகத் என்ற தலைத்துணி கட்டும் பெண்களும் இதைத்தான் செய்கிறார்கள். பட்டுத் துணியைக் கை பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பட்டையை நெற்றி ஓரத்தில் பொருத்தி, ரிப்பனை அதே முடிச்சின் மேல் கட்டுங்கள். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும், இல்லாவிட்டால் அரை மணியில் தலைவலி வரும். தொங்கும் முனையை மேலே தூக்கிச் செருகினால் முடிச்சுகள் எல்லாம் மறைந்துவிடும்.

கழற்றியதும் பட்டையை மடிக்காதீர்கள், பக்ரம் ஒடிந்துவிடும். அட்டைக் குழாயில் சுற்றி, பழைய வேட்டித் துணியில் பொதிந்து வையுங்கள்.