செக்யூர் பூட்டை மாற்றப் போகிறீர்களா? முதலில் அந்த 48 இலக்கங்களைத் தேடுங்கள்

2021இல் விண்டோஸ் 11 வந்தபோது செக்யூர் பூட்டை மாற்ற முயன்றவர்களின் முதல் அலை. 2025இல் பேட்டில்ஃபீல்ட் 6 போன்ற விளையாட்டுகள் செக்யூர் பூட் இல்லாமல் ஓட மறுத்தபோது இரண்டாவது அலை. இரண்டு முறையும் என் மேசைக்கு வந்த பல கணினிகளில் பழுது என்று எதுவும் இல்லை. உரிமையாளர் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், போய்விட்டு வந்ததுதான் பழுது. ஒரு காலத்தில் நாங்கள் இடறிய அதே கற்களில்தான் இப்போதைய பிள்ளைகளும் இடறுகிறார்கள்.

செக்யூர் பூட் செய்யும் வேலை எளிது. விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடத் தொடங்கும் நிரலின் கையொப்பத்தை மதர்போர்டு சரிபார்க்கிறது. தன்னிடம் உள்ள சாவிகளோடு பொருந்தாவிட்டால் ஓட விடாது. இயக்கி வைப்பது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சேமிக்காமல் வெளியேறுவது, எந்த விசையை அழுத்தி பயாஸுக்குள் போவது என்று தெரியாமல் தவிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை யாருடைய கோப்புகளையும் அழிப்பதில்லை.

ஏற்கெனவே இயங்குகிறதா என்று பார்க்காமல் நுழைவது

விண்டோஸ் தேடலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டித் திறங்கள். 'செக்யூர் பூட் ஸ்டேட்' என்ற வரியில் 'ஆன்' என்று இருந்தால் பயாஸ் பக்கமே போக வேண்டாம். கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய மடிக்கணினி என்றால் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

மீட்புச் சாவி கையில் இல்லாமல் தொடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

பொறியியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். நண்பனின் கணினியில் விளையாட்டு செக்யூர் பூட் கேட்டதைப் பார்த்துவிட்டு, தன்னுடையதிலும் முன்கூட்டியே போட்டு வைக்கலாம் என்று பயாஸைத் திறந்திருக்கிறார். அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. எண்டர் தட்டி, அம்புக்குறியை நகர்த்தி, மறுபடி எண்டர் தட்டிச் சேமித்ததில் இருந்தது அணைந்துவிட்டது. அடுத்த முறை எழும்போது நீலத் திரை: பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கொடு. ஆறு ஆறாக எட்டுக் கட்டம், மொத்தம் 48 இலக்கங்கள். (பிட்லாக்கர் என்பது வட்டில் உள்ளதை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி.)

"நான் பிட்லாக்கர் எதையும் போடவில்லையே, அண்ணா" என்றார். உண்மைதான், அவர் போடவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும் பல மடிக்கணினிகளில் விண்டோஸ் தானாகவே வன்தட்டைப் பூட்டிவிடுகிறது. ஹோம் பதிப்பில் இதற்கு 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று பெயர். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து இந்த வழக்கம் இன்னும் பல கணினிகளுக்குப் பரவியிருக்கிறது.

வட்டின் பூட்டைத் திறக்கும் சாவி, கணினியில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. கணினி எழும் விதத்தை அந்தச் சிப் ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கிறது. செக்யூர் பூட்டின் நிலையும் அந்த அளவுகளில் ஒன்று. அளவு மாறினால் சாவியைத் தராது. யாரோ வட்டில் கைவைக்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதன் வேலையே அதுதான்.

இந்த இடத்தில் நிதானமாக இருந்திருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. பயாஸுக்குத் திரும்பிப் போய், மாற்றியதை மட்டும் பழையபடி வைத்திருந்தால் அளவு மறுபடி பொருந்தியிருக்கும். பெரும்பாலும் 48 இலக்கங்களைக் கேட்காமலே விண்டோஸ் திறந்திருக்கும். அவரோ யாரோ ஒருவருடைய காணொளியைப் பார்த்து 'கிளியர் டிபிஎம்' என்பதை அழுத்திவிட்டார். அந்த வரிக்கு மேல் எச்சரிக்கை வரும். ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். யார் படிக்கிறார்கள்? அழுத்திய நொடியில் சிப்பில் இருந்த சாவி போய்விட்டது. அதன் பிறகு செக்யூர் பூட்டை எத்தனை முறை இயக்கினாலும் அணைத்தாலும் 48 இலக்கங்களைத் தவிர வேறு வழி கிடையாது.

அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடினோம், சாவி இல்லை. நீலத் திரையில் கணக்கின் மின்னஞ்சல் முகவரி பாதி மறைத்துக் காட்டப்பட்டிருந்தது. அது அவருடையதும் இல்லை, அப்பாவுடையதும் இல்லை. விற்ற கடையில் 'எல்லாம் ரெடி பண்ணித் தருகிறோம்' என்று சொன்ன பையன், தான் உருவாக்கிய ஏதோ ஒரு கணக்கில் கணினியை அமைத்துக் கொடுத்திருக்கிறான். அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். திட்ட அறிக்கையும் நிரல்களும் வட்டுக்குள்ளேயே இருந்தன, எடுக்கத்தான் வழியில்லை. ஃபார்மேட் செய்து கொடுத்தேன். என்னையும் சேர்த்து எந்தக் கடைக்காரராலும் அந்தப் பூட்டை உடைக்க முடியாது. முடியும் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

ஆகவே பயாஸைத் திறக்கும் முன்பு உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனங்கள் பக்கத்தில் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகக் கணினி என்றால் சாவி அங்குள்ள கணினிப் பிரிவிடம் இருக்கும். தாளில் எழுதி வையுங்கள். அதே வட்டில் ஒரு கோப்பாகச் சேமிப்பது பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதுதான். ப்ரோ பதிப்பில் 'சஸ்பெண்ட் புரொடெக்‌ஷன்' கொடுத்துவிட்டு மாற்றத்தைச் செய்தால் நீலத் திரையே வராது. பயாஸைப் புதுப்பிக்கும்போதும் இதையே செய்யுங்கள்.

சிஎஸ்எம்மை முதலில் அணைப்பது

பழைய மேசைக் கணினிக்காரர்களுக்கு. செக்யூர் பூட் வேண்டுமென்றால் சிஎஸ்எம் (கணினி பழைய முறையில் எழ உதவும் பயாஸ் அமைப்பு) அணைந்திருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் விண்டோஸ் இருக்கும் வட்டு எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருந்தால், சிஎஸ்எம்மை அணைத்ததும் கணினிக்கு அந்த வட்டிலிருந்து எழத் தெரியாது. உடனே பக்கத்துக் கடையில் 'ஃபார்மேட் போட்டால்தான் ஆகும்' என்பார்கள். ஆகாது. சிஎஸ்எம்மை மறுபடி இயக்கினால் பழையபடி விண்டோஸ் வரும். 2017 முதல் விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. கோப்புகளை அழிக்காமல் வட்டை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றித் தரும். முதலில் 'வேலிடேட்' கொடுத்துச் சோதியுங்கள், பிறகு மாற்றுங்கள், அதன் பிறகு பயாஸ்.

நம் ஊரில் இதற்கு ஒரு தடை உண்டு. அசெம்பிள் செய்து தருபவர்கள் ஒரே வட்டை சி, டி, இ, எஃப் என்று வெட்டித் தருவது நெடுநாள் பழக்கம். அவற்றில் சில லாஜிக்கல் பகுதிகளாக, அதாவது ஒரு பெரிய பகுதிக்குள் வெட்டிய உட்பகுதிகளாக, இருக்கும். அப்படி இருந்தால் இந்தக் கருவி மறுத்துவிடும்; முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இருந்தாலும் மறுக்கும். அப்போது டி முதலான பகுதிகளில் உள்ளதை வேறு வட்டுக்கு நகலெடுத்து, அந்தப் பகுதிகளை நீக்கிவிட்டு முயலுங்கள்.

பழைய கிராபிக்ஸ் கார்டு

யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) தெரியாத கார்டு என்றால் சிஎஸ்எம் அணைந்ததும் திரை கறுப்பு. கார்டைக் கழற்றாமல் மதர்போர்டைக் குறை சொல்லாதீர்கள்.

'எனேபிள்டு' என்ற சொல்லை நம்புவது

பயாஸில் 'எனேபிள்டு' என்று இருக்கும், பக்கத்திலேயே 'நாட் ஆக்டிவ்' என்றும் இருக்கும். சாவிகள் ஏற்றப்படவில்லை, கணினி இன்னும் 'செட்டப் மோடி'ல் இருக்கிறது என்று பொருள். தொழிற்சாலைச் சாவிகளை ஏற்றும் வரி அதே பக்கத்தில் இருக்கும். அதைக் கொடுத்தால் தீர்ந்தது.

ஆனால் இந்த வரியைக் கண்ட கண்ட சிக்கலுக்கெல்லாம் மருந்தாக அழுத்துகிறார்கள், அது இப்போது ஆபத்து. கையொப்பத்தைச் சரிபார்க்க செக்யூர் பூட் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடியத் தொடங்குகிறது. அவற்றின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாக வருகின்றன. பழைய பயாஸில் தொழிற்சாலைச் சாவிக்குத் திரும்பினால் புதியவை அழிந்துவிடும். விண்டோஸின் தொடக்க நிரல் ஏற்கெனவே புதிய கையொப்பத்துக்கு மாறியிருந்தால், உங்கள் மதர்போர்டே அதைத் தடுத்து நிறுத்தும். பயாஸைப் புதுப்பித்துவிட்டு அந்த வரியைத் தொடுங்கள்.

(தொழிற்சாலைச் சாவி என்றால் புனிதமானது என்றும் நினைக்க வேண்டாம். 'நம்பாதே' என்று பெயரிலேயே எழுதியிருந்த சோதனைச் சாவியோடு பல நிறுவனங்கள் கணினிகளை விற்றது 2024இல் வெளியே வந்தது.)

லினக்ஸ்காரர்கள் அவசரப்படுவது

உபுண்டுவில் என்விடியா டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை பத்து விநாடி காத்திருக்கும். அங்கே 'என்ரோல் எம்ஓகே' (டிரைவரின் கையொப்பச் சாவியைக் கணினியில் பதிவுசெய்வது) என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். 'கன்டினியூ பூட்' கொடுத்துவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்று செக்யூர் பூட்டையே அணைத்துவிடுகிறார்கள். மோக்யூட்டில் கட்டளையால் அந்தப் பதிவை மறுபடி கேட்கலாம்.

பயாஸுக்குக் கடவுச்சொல் வைக்காதது

வையுங்கள். இல்லையென்றால் கணினி முன் உட்காரும் யாரும் இதையெல்லாம் ஒரே எண்டரில் அணைத்துவிடலாம். அந்தக் கடவுச்சொல்லையும் மீட்புச் சாவி எழுதிய தாளிலேயே எழுதி வையுங்கள். பல மடிக்கணினிகளில் அதை மறந்தால் நிறுவனத்தின் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.