வளைய பெப்டைடு குப்பி கைக்கு வந்ததும்

வளைய பெப்டைடு என்பது வளையமாக இணைந்த சிறு அமினோ அமிலச் சங்கிலி. அதன் சான்றிதழில் 98 சதவீதம் என்று போட்டிருப்பது ஹெச்பிஎல்சி (கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் முறை) தூய்மை மட்டுமே. பொடியின் எடையில் நீரும் டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளுரோஅசிட்டிக் அமிலம்) உப்பும் சேர்ந்திருக்கும். அதனால் கரைசலின் செறிவைக் கணக்கிட நான் நிகர பெப்டைடு அளவைத்தான் (பொடியில் உண்மையில் இருக்கும் பெப்டைடின் பங்கு) எடுத்துக்கொள்வேன்.

அடுத்து நிறைமாலை, அதாவது மூலக்கூறின் நிறையைக் காட்டும் வரைபடம். தலையும் வாலும் இணைந்த வளையம், நேர்ச்சங்கிலியைவிட 18 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) குறைவாக இருக்க வேண்டும்; ஒரு நீர் மூலக்கூறு போயிருக்கும். இரண்டு கந்தக அணுக்கள் பிணைந்து உண்டாகும் டைசல்பைடு வளையம் என்றால் 2 டால்டன்தான் குறையும். அந்தப் பிணைப்பை உடைக்கும் டிசிஇபி சேர்த்துப் பார்த்தால் அந்த 2 திரும்பி வரும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு சங்கிலிகள் சேர்ந்து ஒரே பெரிய வளையமானாலும், இரட்டை மின்னூட்டத்தில் அதன் உச்சி, ஒற்றை மின்னூட்டம் கொண்ட சரியான வளையத்தின் உச்சி இருக்கும் அதே இடத்தில்தான் தெரியும். அந்த உச்சியைப் பெரிதாக்கி ஐசோடோப்பு இடைவெளியை (உள்ளே தெரியும் சிறு உச்சிகளுக்கு இடையிலான தூரம்) பாருங்கள்: 1 என்றால் சரி, 0.5 என்றால் அது இருபடி, அதாவது இரண்டு சங்கிலி சேர்ந்த வளையம். சான்றிதழோடு வரும் மங்கலான படத்தில் இது தெரியாது, மூலத் தரவைக் கேட்டு வாங்குங்கள்.

உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரட்டும், இல்லாவிட்டால் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் மையவிலக்கியில் ஒரு சுற்று, மூடியில் ஒட்டியது கீழே இறங்கிவிடும்.

சைக்ளோஸ்போரின் போன்ற வளைய பெப்டைடுகள் நீரில் சரியாகக் கரையாது. எத்தனாலிலோ டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானிலோ கரைத்து, சிறு பங்குகளாக்கி உறைய வையுங்கள். டைசல்பைடு வளையம் இருந்தால், தாங்கல் கரைசலில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) டைசல்பைடை உடைக்கும் டிடிடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் வளையம் அவிழ்ந்துவிடும்.