புதிய சைபர்பங்க் சாகச விளையாட்டுக்குக் காத்திருக்கும் நாள்களில் செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

முன்னோட்டக் காணொளி ஒன்றரை நிமிடம்தான் ஓடும். மழையில் நனைந்த தெரு, நியான் பலகைகளின் ஊதா ஒளி, எண்ணிவிடக்கூடிய அளவு பெரிய பிக்சல்களால் வரையப்பட்ட ஒரு மனிதன், அவனருகே ஓர் அம்புக்குறி. தொண்ணூறுகளின் பாயின்ட் அண்ட் கிளிக் சாகச விளையாட்டுகளை, அதாவது திரையிலுள்ள பொருள்களைக் கிளிக் செய்து புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் விளையாட்டுகளை, விரும்புகிறவர்களுக்கு அது போதும். விளையாட்டு கைக்கு வரும்வரை மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கும். இவ்வகை விளையாட்டுகளைப் பெரும்பாலும் ஒரு சிலரே சேர்ந்த சிறு குழுக்கள் உருவாக்குவதால், காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும்; சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் நீளும். அந்த இடைக்காலத்தில், புதிய விளையாட்டைக் குறையில்லாமல் அனுபவிப்பதற்கான கண்ணையும் பொறுமையையும் எப்படிப் பழக்கிக்கொள்ளலாம் என்பதை எனக்குத் தெரிந்தவரை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய பாணியில் வரும் புதிய விளையாட்டுகள், 1987-இல் வெளிவந்த மேனியாக் மேன்ஷன் தொடங்கிச் சுமார் பத்தாண்டுக் காலத்தில் உருவான ஒரு மரபை நம்பியே எழுதப்படுகின்றன. எதைக் கிளிக் செய்யலாம், பூட்டிய கதவுக்கு என்ன பொருள், ஒரு பாத்திரம் ஒரே பதிலைத் திரும்பச் சொன்னால் அது எதைக் குறிக்கிறது என்பதெல்லாம் அந்த மரபுக்குள் இருப்பவை. அது பழக்கமில்லாதவர்கள் முதல் பூட்டிலேயே சலித்துப்போய் விலகிவிடுகிறார்கள். ஆகவே பத்து விளையாட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைவிட, ஒரே ஒரு பழைய சைபர்பங்க் (உயர்ந்த தொழில்நுட்பமும் சீர்கெட்ட வாழ்வும் கலந்த எதிர்கால நகரக் கதை) விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆடி முடிப்பதே நல்ல ஆயத்தம் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு நான் பரிந்துரைப்பது 1994-இல் இங்கிலாந்தின் ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’. சார்ல்ஸ் செசில் தலைமையிலான குழு உருவாக்கிய இந்த விளையாட்டுக்கு, காமிக்ஸ் ஓவியர் டேவ் கிப்பன்ஸ் ஓவியம் தீட்டினார். 2003-இல் நிறுவனமே இதை இலவசமாக வழங்கிவிட்டதால், பணம் செலவழிக்காமல், சட்டப்படியே இதை ஆட முடியும்.

நிறுவும் முறை எளிது. பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினிகளில் இயக்குவதற்காக 2001-இல் தொடங்கப்பட்ட ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளை அதன் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். விளையாட்டின் கோப்புகளும் அதே தளத்தில் கிடைக்கும். சிடி பதிப்பு, ஃப்ளாப்பி பதிப்பு என இரண்டு இருந்தால், குரல் நடிப்பு உள்ள சிடி பதிப்பையே எடுங்கள். சுருக்கப்பட்ட கோப்பை ஒரு தனி ஃபோல்டரில் விரித்து, ஸ்கம்விஎம்மைத் திறந்து, ‘ஆட் கேம்’ பொத்தானை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால், எந்த விளையாட்டு என்பதை மென்பொருளே கண்டுகொள்ளும். தொடங்குவதற்கு முன் இரண்டு அமைப்புகளை மட்டும் மாற்றுங்கள். ஒலிப் பகுதியில் குரல், வசன எழுத்து ஆகிய இரண்டும் வரும்படி தேர்ந்தெடுங்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பு காதுக்குப் பிடிபடாத இடங்களில் எழுத்து கைகொடுக்கும். படப் பகுதியில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன்’ என்பதை இயக்குங்கள். இதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஸ்கம்விஎம் ஆன்ட்ராய்டு கைபேசியிலும் இயங்கும் என்றாலும், சிறிய பொருள்களை விரல் மறைத்துவிடும்; கணினியில், மவுஸுடன் ஆடுவதே நல்லது.

இனி முதல் காட்சியைப் பொறுமையாகப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் வளர்ந்த ராபர்ட் ஃபாஸ்டரை யூனியன் சிட்டி என்ற பெருநகரத்தின் காவல் படை பிடித்துக்கொண்டு போகிறது. வழியில் ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்க, அவன் தப்பி ஒரு தொழிற்சாலைக்குள் ஒளிகிறான். நீங்கள் விளையாட்டைக் கையில் எடுக்கும்போது அவன் உயரமான இரும்பு நடைமேடை ஒன்றில் நிற்கிறான். மவுஸின் இடது பொத்தான் ஒரு பொருளைப் பார்க்கும். வலது பொத்தான் அதைப் பயன்படுத்தும். அம்புக்குறியைத் திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோனால் கையிருப்புப் பொருள்கள் தெரியும். கற்க வேண்டியது இவ்வளவே. கதவை முயன்று பாருங்கள், திறக்காது. இப்போது அம்புக்குறியைத் திரை முழுவதும் இடமிருந்து வலமாக, நெல் வயலில் களை தேடுவதுபோல வரிசை வரிசையாக நகர்த்துங்கள். பக்கத்திலேயே தளர்ந்து நிற்கும் ஓர் இரும்புக் கம்பியின் பெயர் எழுத்தில் தோன்றும். அதை எடுத்துக் கதவில் பயன்படுத்தினால் கதவு நெம்பித் திறந்துவிடும்.

சின்னப் புதிர்தான், ஆனால் முழு மரபும் அதற்குள் இருக்கிறது. சிக்கல் முதலில் கண்ணில் படுகிறது, தீர்வு அதே அறையில் இருக்கிறது, தீர்வு உலக வழக்குக்கு ஒத்துப்போகிறது. அடுத்த புதிரும் அப்படியே. ஃபாஸ்டரின் கையில் ஜோயி என்ற அவனுடைய பழைய ரோபோ நண்பனின் சர்க்யூட் போர்டு மட்டும் இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு ரோபோவின் வெற்றுக்கூடு கிடக்கிறது. போர்டைக் கூட்டில் பொருத்தியதும் ஜோயி உயிர்பெற்று, தனக்குக் கிடைத்த புதிய உடல் பிடிக்கவில்லை என்று முறையிடத் தொடங்குகிறான். அந்த இடத்தில் அவசரப்பட்டு நகர்ந்துவிடாமல் அவனிடம் மீண்டும் மீண்டும் பேசுங்கள். இவ்விளையாட்டின் உயிர் அந்த இருவரின் பேச்சில்தான் இருக்கிறது. பல வேலைகளை ஜோயியிடம் சொல்லித்தான் முடிக்க முடியும் என்பதும் பேசினால்தான் விளங்கும்.

பின்னணி ஓவியங்களையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சைபர்பங்க் கதைகளில் செல்வர்கள் வானளாவிய கட்டடங்களின் உச்சியில் வாழ்வதே வழக்கம். யூனியன் சிட்டியில் அது தலைகீழ்: தொழிற்சாலைகளும் உழைப்பவர்களின் குடியிருப்புகளும் மேல்தளங்களில், மாசு மண்டிய காற்றில் இருக்கின்றன, வசதி படைத்தவர்கள் தரைமட்டத்தில் வாழ்கிறார்கள். எனவே ஃபாஸ்டர் லிஃப்டில் கீழே இறங்குவது ஒவ்வொரு முறையும் ஒரு வர்க்கம் ஏறுவதாகவே இருக்கிறது. இதை எந்தப் பாத்திரமும் வந்து விளக்குவதில்லை. குழாய்களின் துரு, தரையின் பளபளப்பு, செடிகள் இருக்கின்றனவா இல்லையா என்பவை வழியாகவே நாம் அறிந்துகொள்கிறோம். வரப்போகும் விளையாட்டின் காணொளியை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தால், முன்பு வெறும் அலங்காரமாகத் தெரிந்த பலவும் பேசத் தொடங்கும்.

நடைமுறையில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இந்த விளையாட்டில் ஃபாஸ்டர் சில இடங்களில் இறந்துபோவான். ஆகவே புதிய இடத்துக்குள் நுழையும் முன் எஃப்5 விசையை அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ரெவல்யூஷன் நிறுவனம் ‘வர்ச்சுவல் தியேட்டர்’ என்று பெயரிட்ட தன் சொந்த எஞ்சினில் (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) இதை அமைத்தது. அதில் சில பாத்திரங்கள் தம் போக்கில் நடந்து ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குப் போவார்கள். தேடுகிற ஆள் அறையில் இல்லையென்றால் அது பிழையன்று. சற்று நேரம் கழித்து வாருங்கள்.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? கட்டாயம் சிக்கிக்கொள்வீர்கள், இவ்வகை விளையாட்டின் இன்பமே அங்கேதான் தொடங்குகிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, திறக்காத கதவுகள், பதில் கிடைக்காத கேள்விகள், இன்னும் பயன்படாத பொருள்கள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். கையிலுள்ள ஒவ்வொரு பொருளின் விவரணையையும் மறுபடி படியுங்கள். ஒவ்வொருவரிடமும் மறுபடி பேசுங்கள். அதன்பின் கணினியை அணைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். பாத்திரம் கழுவும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும் விடை தோன்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவசரப்பட்டு வாக்த்ரூவை, அதாவது எல்லாப் புதிர்களின் விடைகளையும் வரிசையாகச் சொல்லும் வழிகாட்டியைத் திறக்க வேண்டாம். ஒரு முறை ஒரே ஒரு சாவியின் இடத்தை அறியத் திறந்தேன். அடுத்த மூன்று வரிகளும் கண்ணில் பட்டு, கதையின் மிகப் பெரிய திருப்பம் அங்கேயே கெட்டுப்போனது. அந்த விளையாட்டை முதல்முறை ஆடும் வாய்ப்பு எனக்கு இனி இல்லை. இரண்டு நாள் கழித்தும் வழி தெரியாவிட்டால், யுனிவர்சல் ஹிண்ட் சிஸ்டம் போன்ற, குறிப்புகளை ஒவ்வொன்றாக மட்டுமே காட்டும் சேவையை நாடுங்கள்.

இதை முடித்த பிறகும் காலம் மிச்சமிருந்தால், இந்த நூற்றாண்டில் அதே பாணியில் வந்தவற்றுக்கு நகரலாம். 2011-இல் வாட்ஜெட் ஐ நிறுவனம் வெளியிட்ட ‘ஜெமினி ரூ’ தொடக்கத்துக்கு ஏற்றது. செயலைத் தேர்ந்தெடுக்கும் குறிகளில் கண், கை, வாய் ஆகியவற்றோடு காலும் இருப்பதால், சில தடைகளை உதைத்துத்தான் கடக்க வேண்டும். அதே நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘டெக்னோபாபிலோன்’ 2087-இல் நடக்கிறது; லதா என்ற பெயருடைய நாயகி தன் அறையிலேயே பூட்டப்பட்ட நிலையில் கதை தொடங்குகிறது. 2022-இல் வந்த ‘சைனாடவுன் டிடெக்டிவ் ஏஜென்சி’ 2037-ஆம் ஆண்டின் சிங்கப்பூரைக் களமாகக் கொண்டது. அதன் புதிர்கள் சிலவற்றுக்கு விளையாட்டை விட்டு வெளியே வந்து உண்மையான தகவலைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2020-இல் வந்த ‘வர்ச்சுவாவெர்ஸ்’ இவற்றுள் கடினமானது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன்’ அமைப்பின் காரணத்தைப் பின்னால் சொல்வதாகச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ என்ற திரைக்காட்சித் தரத்தில், 256 நிறங்களோடு இயங்கிய விளையாட்டுகளின் படம் 320-க்கு 200 பிக்சல் அளவுடையது. அன்றைய திரைகள் 4-க்கு 3 விகிதத்தில் இருந்தமையால் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிடச் சற்று உயரமாகத் தெரிந்தது. ஓவியர்களும் அதைக் கணக்கில் கொண்டே வரைந்தார்கள். இன்றைய திரையில் அப்படியே காட்டினால் முகங்கள் அமுங்கியும் வட்டங்கள் நீள்வட்டங்களாகவும் தோன்றும். அதைச் சரிசெய்யத்தான் அந்த அமைப்பு. புதிய விளையாட்டுகள் பலவும் 320-க்கு 180 என்ற அளவைக் கையாள்கின்றன. ஆறு மடங்கு பெருக்கினால் 1920-க்கு 1080 திரை மீதமின்றி நிறையும். நம்மில் பலரிடம் உள்ள 1366-க்கு 768 மடிக்கணினித் திரையில் அப்படிப் பொருந்தாது. அமைப்புகளில் ‘இன்டிஜர் ஸ்கேலிங்’ (படத்தை முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்குவது) இருந்தால் இயக்குங்கள். படம் நான்கு மடங்காக, 1280-க்கு 720 அளவில், சுற்றிலும் மெல்லிய கறுப்பு விளிம்போடு வரும். விளிம்பை இழப்பு என்று எண்ண வேண்டாம். திரை நிறைய இழுத்தால் சில பிக்சல்கள் பருத்தும் சில மெலிந்தும் போய், ஓவியர் ஒவ்வொரு புள்ளியாக வைத்த கோடு நெளிந்துவிடும்.

விளையாட்டை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் விஷ்லிஸ்டில் (விருப்பப் பட்டியலில்) சேர்த்துவிட்டால் வெளியாகும் நாளில் மின்னஞ்சல் வந்துவிடும். அப்படிச் சேர்ப்பவர்களின் எண்ணிக்கை சிறு குழுக்களுக்குப் பெரும் ஆதரவு. அறிவித்த நாள் தள்ளிப்போனால் மனம் தளர வேண்டாம். 2012-இல் டபுள் ஃபைன் நிறுவனம் ஒரு சாகச விளையாட்டுக்காக மக்களிடமே 33 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அதே ஆண்டில் வர வேண்டிய விளையாட்டின் முதல் பாதி 2014-இலும் மறுபாதி 2015-இலும்தான் வந்தன.

வரவிருக்கும் விளையாட்டுகளுக்கான ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற விழா நடக்கும் வாரங்களில் டெமோ (ஆடிப் பார்க்க இலவசமாகத் தரும் சிறு பகுதி) கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் அதை ஒரு கேள்வியோடு ஆடுங்கள். மங்கி ஐலண்ட் என்ற சாகச விளையாட்டை உருவாக்கிய ரான் கில்பர்ட், 1989-இலேயே இவ்வகை விளையாட்டுகளின் குறைகளைப் பற்றி எழுதியபோது, சிக்கலைச் சந்திக்கும் முன்பே தீர்வு கையில் வந்துவிடும் புதிர்களைக் கண்டித்தார். பூட்டைப் பார்க்காதவனிடம் சாவியைக் கொடுத்தால் அவன் காரணமே தெரியாமல் எதையும் எடுத்துப் பையில் போடப் பழகிவிடுகிறான். டெமோவில் பூட்டு முதலில் வருகிறதா, சாவி முதலில் வருகிறதா? தவறான முயற்சிக்கு விளையாட்டு சொந்தமாக ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறதா, அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே மறுப்பா? இந்த இரண்டுக்கும் நல்ல விடை கிடைத்தால், நியான் வெளிச்சம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அந்த விளையாட்டை நம்பி வாங்கலாம். வாங்கிய பின் மனத்துக்கு ஒட்டாவிட்டால், 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாக இருந்தால், ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தந்துவிடும்.

வெளியாகும் நாளில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, அறை விளக்கைத் தணித்து, ஹெட்ஃபோனை மாட்டி, நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி வையுங்கள். முதல் காட்சி வந்ததும் கதவை நோக்கிப் போகாதீர்கள். அம்புக்குறியை இடது மூலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வரிசை வரிசையாக நகர்த்தத் தொடங்குங்கள்.