பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தீர்களா?

போன மாதம் தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி என்னை ஓரமாக இழுத்துப் போனாள். சீலியாக் நோய், அதாவது கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிட்டால் சிறுகுடல் சேதமாகும் நோய் என்று தெரிந்து மூன்று மாதம். "மைனி, கோதம்பை அடியோட விட்டாச்சு. இன்னும் வயிறு ஊதுது. குடல்ல நல்ல பாக்டீரியா இல்லியாம்" என்றபடி பையிலிருந்து புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை டப்பாவை எடுத்தாள். எட்டு வருஷத்துக்கு முன் இதே நோயோடு நான் தூக்கிக்கொண்டு அலைந்த அதே டப்பா மாதிரி இருந்தது.

பரோட்டா, ரவை, சேமியா கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். அதை விடுங்கள். பலரும் சறுக்குகிற வேறு இடங்கள் இவை.

ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

அடுக்களையை விட்டுவிட்டு பாக்டீரியாவைக் குறை சொல்வது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். ஐந்து மாதம் புரோபயாட்டிக் மாத்திரை விழுங்கினேன். வயிற்றுப்போக்கும் சோர்வும் போகவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தபோது, இந்த நோயில் ரத்தத்தில் ஏறும் எதிர்ப்பொருள் அளவு இறங்கவே இல்லை. அப்படியென்றால் குளூட்டன் எங்கிருந்தோ உள்ளே போகிறது என்று அர்த்தம். எங்கிருந்து? தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் நானே போட்ட கூட்டுப்பெருங்காயத்திலிருந்து. டப்பாவின் பின்னால் கடுகளவு எழுத்தில் 'கோதுமை மாவு' என்று போட்டிருந்தது. ஊறுகாயிலும் அதுவே. நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் சேதமாகும். சிட்டிகைதானே என்று விட முடியாது. அரிசி மாவில் செய்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது.

இன்னொரு கூத்து: 2015-இல் அமெரிக்காவில் 22 புரோபயாட்டிக்குகளைச் சோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் குளூட்டன் இருந்தது!

பாக்டீரியா விஷயம் பொய்யில்லை. சீலியாக் உள்ள பலருக்கு பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியா குறைவாகவே இருக்கும். கோதுமையை விட்டால் அந்தப் பாக்டீரியாவுக்கு இரையான நார்ச்சத்தும் குறைகிறது. ஸ்பெயினில் ஆரோக்கியமான 10 பேருக்கு ஒரு மாதம் குளூட்டன் இல்லாத உணவு கொடுத்தார்கள். அவர்களுக்கே அந்தப் பாக்டீரியா குறைந்துபோனதாக 2009-இல் எழுதினார்கள். அதனால் வெறும் வெள்ளைச் சோறும் 'குளூட்டன் இல்லை' என்று அச்சடித்த பிஸ்கட்டுமாக ஓட்டாதீர்கள். சம்பா அரிசி, சிறுபயறு, கீரை, ஏத்தங்காய்த் துவரன் என்று நம் வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது.

முந்திரிக்கொத்தை நம்புவது

மேல்மாவு அரிசியா மைதாவா? கேளுங்கள்.

பால்

குடல் ஆறும்வரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

பந்திக்கே போகாமல் ஒதுங்குவது

இரண்டு வருஷம் ஒதுங்கியே இருந்தேன். வயிற்று வலியைவிட, "ஏன் வரல?" என்ற கேள்விதான் பாடாய்ப் படுத்தியது. இப்போது நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். அன்றும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சமையல்கார அண்ணாச்சி பெருங்காய டப்பாவைத் தேடி எடுத்து நீட்டினார். அவளே திருப்பி வாசித்தாள். கோதுமை மாவு. அண்ணாச்சியிடம் எதிலெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டோம். சாம்பாரும் ரசமும்தான். அவியல், ஓலன், சோறு, உப்பேரி என்று இருவரும் நன்றாகவே சாப்பிட்டோம். போளி வந்தபோது இருவர் கையும் ஒரே நேரத்தில் இலைக்குக் குறுக்கே போனது.